'சீர்திருத்தம்' என்றாலே செர்பியர்கள் முகம் சுளிப்பது ஏன்?

ஜோகோவிச்சின் நாடு என்று சொன்னால்தான் செர்பியா பலருக்குச் சட்டென்று பிடிபடும். அங்கே அரசியல்வாதி யாராவது 'சீர்திருத்தம்' என்று பேச ஆரம்பித்தாலே மக்களுக்குச் சலிப்பு தட்டிவிடுகிறது. ஜனநாயகம் பிடிக்காமல் வந்த சலிப்பா இது? அப்படித் தெரியவில்லை.

2000 அக்டோபர் 5. பெல்கிரேடு தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டு மிலோசெவிச்சை வீட்டுக்கு அனுப்பினார்கள். 'புல்டோசர் புரட்சி' என்று பெயர். (அரசு டிவி கட்டடத்தை நோக்கிப் போனது உண்மையில் மண் அள்ளும் லோடர் வண்டி. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.) போர், பொருளாதாரத் தடை, 1993-ல் 50,000 கோடி தினார் நோட்டு அடிக்கும் அளவுக்குப் பணவீக்கம். இதையெல்லாம் பார்த்தவர்கள், இனி நிம்மதி என்று நம்பினார்கள்.

அடுத்த ஆண்டே தனியார்மயச் சட்டம் வந்தது. சோவியத் போல யூகோஸ்லாவியாவில் தொழிற்சாலைகள் அரசின் சொத்து இல்லை, 'சமூகச் சொத்து'. நிர்வாகத்தில் தொழிலாளிக்கும் பங்கு உண்டு, காகிதத்திலாவது. அதனால் ஆலையை விற்றபோது சொந்த வீட்டை யாரோ விற்றது போல இருந்தது.

ஸ்மெடெரெவோ உருக்காலையை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-ல் யு.எஸ். ஸ்டீல் அதைச் சுமார் 2.3 கோடி டாலருக்கு வாங்கியது. 2012-ல் அரசிடமே திருப்பிக் கொடுத்தது. விலை 1 டாலர்! 2016-ல் சீனாவின் ஹெஸ்டீல் 4.6 கோடி யூரோவுக்கு வாங்கியது. கடனில் கிடந்த ஆலைக்கு வேறு வழியில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டலாம்தான். ஆனால் எல்லா விற்பனைக்கும் அந்தச் சமாதானம் பொருந்தாது. சந்தேகத்துக்குரிய 24 தனியார்மயங்களை விசாரிக்கச் சொல்லி ஐரோப்பிய ஒன்றியமே கேட்டது.

சீர்திருத்தத்தின் முகமாக இருந்த பிரதமர் ஜிண்ட்ஜிச் 2003 மார்ச் 12-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். பழைய ஆட்சியின் சிறப்புப் படையினரும் மாஃபியாவும் கைகோத்து நடத்திய கொலை. மிலோசெவிச் காலத்தில் தகவல் அமைச்சராக இருந்த வுச்சிச்தான் 2017 முதல் அதிபர். ஆட்சி மாறியது, ஆட்கள் திரும்பி வந்தார்கள். அவர்களும் இப்போது ஐரோப்பா, முதலீடு, சீர்திருத்தம் என்றுதான் பேசுகிறார்கள். அந்த வார்த்தைக்கு வேறென்ன மரியாதை மிஞ்சும்?

2024 நவம்பர் 1-ல் நோவி சாட் ரயில் நிலையத்தின் கான்கிரீட் கூரை இடிந்து விழுந்தது. மொத்தம் 16 பேர் உயிரிழந்தார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் புதுப்பித்துத் திறக்கப்பட்ட நிலையம் அது. கூரை அந்த வேலையில் சேராது என்றது அரசு. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025 ஜனவரியில் பிரதமர் வுசெவிச் ராஜினாமாவை அறிவித்தார். போராட்டம் நிற்கவில்லை.

கவனிக்க வேண்டியது, அந்த மாணவர்கள் முதலில் கேட்டது ஆட்சி மாற்றத்தை அல்ல. ரயில் நிலையப் பணி தொடர்பான ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளியிடுங்கள் என்றார்கள். தேர்தல் வேண்டும் என்று கேட்டது 2025 மே மாதத்தில்தான்.