அத்தை கல்யாணத்துக்கு போஸ்டர் எதுக்கு?

நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் பல வீட்டுல ஒரு ஹார்டு டிஸ்க் இருக்கும். அத்தை கல்யாண டிவிடியிலிருந்து காப்பி பண்ணினது, பட்டன் போன்ல பிடிச்ச நடவு வீடியோ, 2020 பிப்ரவரி 5 பெரிய கோயில் குடமுழுக்கு... எல்லாம் ஒரே குவியல். இதுக்கு எந்த பிளேயர் சரி?

பார்க்க அழகு ‘கோடி’ மென்பொருள்தான். ஆனா அதோட பலமே, கோப்பின் பெயரை வைத்து இணையத்தில் சினிமா விவரம் தேடி போஸ்டர் ஒட்டுவது. அத்தை கல்யாணம் அங்கே எப்படிக் கிடைக்கும்?

என் ஓட்டு விஎல்சிக்கு. 1996-ல் எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் என்ற பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கியது, 2001-ல் திறமூலமாச்சு. பழைய ஃபார்மேட்டுக்குக் கோடெக் தேடி அலைய வேண்டியதில்லை. ஃபோல்டரை இழுத்துப் போட்டா வரிசையா ஓடும்.

ஆனா நடவு வயல்ல குலவை போடுறது யாருன்னு எந்த பிளேயரும் சொல்லாது. பாட்டிக்குத்தான் தெரியும். பிளேயரை எப்ப வேணா மாத்திக்கலாம். பாட்டியை இப்பவே கேட்டாகணும். இந்த செமஸ்டர் லீவுல அவங்க பக்கத்துல உட்கார்ந்து ஓட்டுங்க. ஃபோல்டருக்கு வருஷம், ஊர், ஆள் பெயர் போடுங்க. அப்படியே இன்னொரு டிஸ்க்லயும் ஒரு காப்பி எடுத்து வைங்க.