ஒரு டாலர் நோட்டும் ஆடுகிற ஆண்களும்

லாஸ் வேகாஸ் போகும் கல்யாணப் பெண்களுக்கு ஒரு சடங்கு உண்டு. தாலியோ மோதிரமோ ஏறுவதற்கு முன்னால், தோழிகள் புடைசூழ ஒரு ராத்திரி, ஆண்கள் சட்டையைக் கழற்றி ஆடும் ஷோவுக்குப் போவது. தலையில் பிளாஸ்டிக் கிரீடம், கையில் கலர் கலராக ஏதோ ஒரு பானம். வெளியே வரும்போது கேட்டால் "செம காமெடி" என்பார்கள். பெண் ஆடினால் அது ஒரு மாதிரியான இடம், ஆண் ஆடினால் காமெடி. அங்கே நடக்கிற மரியாதைக் கேட்டில் பாதி இந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் ஆரம்பிக்கிறது.

இதில் நமக்கென்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். இந்த வியாபாரத்தை உலகப் பிரபலமாக்கியது ஒரு பம்பாய்க்காரர்! பெயர் சோமன் பானர்ஜி. அமெரிக்கா போய் ஸ்டீவ் ஆனார், பெட்ரோல் பங்க் நடத்தினார், லாஸ் ஏஞ்சலிஸில் ஓடாத கிளப் ஒன்றை வாங்கினார். 1979-ல் அங்கே பெண்களுக்கு மட்டும் என்று ஆண்கள் நடனம் தொடங்கியது. அதுதான் சிப்பண்டேல்ஸ். வெற்று மார்பு, கழுத்தில் காலரும் போ டையும், மணிக்கட்டில் வெள்ளை கஃப். நடனம் அமைக்க வந்தவர் நிக் டி நோயா, எம்மி விருது வாங்கிய தயாரிப்பாளர். வெளியூர் ஷோக்களின் வருமானத்தில் அவருக்குப் பாதி என்று ஒரு நாப்கினில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார் பானர்ஜி. கான்ட்ராக்ட் சட்டம் படிப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பெருமூச்சு விடலாம். ஊர் ஊராகப் போன ஷோ பணமாகக் கொட்டியது, பாதி கை நழுவிப் போனது. 1987-ல் நியூயார்க்கில் தன் அலுவலகத்திலேயே டி நோயா சுட்டுக் கொல்லப்பட்டார். ஆள் வைத்துக் கொன்றது பானர்ஜி என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டவர், 1994 அக்டோபரில், தண்டனை அறிவிப்புக்குச் சில மணி நேரம் முன்பு சிறையில் தற்கொலை செய்துகொண்டார்.

முதலாளிகள் கதை அப்படி. ஆடுகிறவன் கதைக்குள் நுழைய வேண்டுமென்றால் கணக்கிலிருந்துதான் நுழைய வேண்டும்.

இந்த இடங்கள் இரண்டு வகை. ஒன்று தியேட்டர் ஷோ. சிப்பண்டேல்ஸ், தண்டர் ஃப்ரம் டவுன் அண்டர், மேஜிக் மைக் லைவ் எல்லாம் இந்த ரகம். டிக்கெட், சீட் நம்பர், தொடங்கும் நேரம், முடியும் நேரம். ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு. டிக்கெட் ஐம்பது அறுபது டாலரில் தொடங்கும், மேடை ஓரத்து சீட் என்றால் நூறைத் தாண்டும். நெவாடாவில் அதன் மேல் 9 சதவீதம் கேளிக்கை வரி. (அந்த வார்த்தையை நம்மூர் சினிமா தியேட்டரோடு விட்டுவிட்டு வந்ததாக நினைத்தவர்களுக்கு ஏமாற்றம்தான்.) அப்புறம் புக்கிங் கட்டணம், உள்ளே போனால் இரண்டு பங்கு விலையில் பானம், கடைசியில் நடனக்காரர்களோடு நின்று ஒரு போட்டோ, அதற்கும் தனிக் காசு. போஸ்டரில் பார்த்த விலையை அப்படியே இரண்டால் பெருக்கிக்கொண்டு கிளம்புவது உத்தமம்.

இரண்டாவது ரகம் நிஜமான கிளப். வாசலில் நுழைவுக் கட்டணம், சில இடங்களில் குறைந்தது இரண்டு பானமாவது வாங்கியே தீரவேண்டும் என்ற விதி. உள்ளே ஒரு மேடை, ஆள் மாற்றி ஆள் ஆடுவார்கள். முறைத்துக்கொண்டோ, செல்போனை நோண்டிக்கொண்டோ, காசு கொடுக்காமல் மேடையை ஒட்டின நாற்காலியில் உட்காருவது அநாகரிகம். சும்மா பார்க்கத்தான் ஆசை என்றால் பின்வரிசை இருக்கிறது, யாரும் கோபிக்க மாட்டார்கள். தனியாக ஆடச் சொன்னால் பாட்டுக்கு இவ்வளவு என்று விலை. அமெரிக்காவில் பல ஊர்களில் 20 டாலர் என்பது பழகிப்போன கணக்கு, நம் காசுக்கு 1,700 ரூபாய்க்கு மேல். ஆரம்பிப்பதற்கு முன்னால் விலை கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆடி முடித்தபிறகு பேரம் பேசுவதுதான் வெட்கம். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது சம்மதம், மீட்டர் ஓடும்.

இங்கேதான் வெளியே தெரியாத ஒரு விஷயம். இந்தக் கிளப்களில் பலவற்றில் ஆடுகிறவனுக்கு முதலாளி சம்பளம் கொடுப்பதில்லை. அவன்தான் கிளப்புக்குக் கொடுக்கிறான்! மேடைக் கட்டணம் என்று பெயர். அவன் தொழிலாளி இல்லை, சுயதொழில் செய்பவன் என்பது கிளப்பின் வாதம். ஒரு பேச்சுக்கு மேடைக் கட்டணம் 60 டாலர், பாட்டுப் போடுகிறவருக்கும் வாசல் காவலருக்கும் சேர்த்து 20 என்று வைத்துக்கொள்வோம். மாலை உள்ளே நுழையும்போதே அவன் 80 டாலர் நஷ்டத்தில் நிற்கிறான். முதல் நான்கு தனி ஆட்டம் அந்தப் பள்ளத்தை மூடத்தான். எட்டுப் பேர் வந்து, ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்து, மூன்று மணி நேரம் மேடையோர நாற்காலியை அடைத்துக்கொண்டு, "செம காமெடி" என்று எழுந்து போனால் அவனுக்குக் கிடைத்தது எட்டு டாலர். டிப்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறோமே தவிர அது டிப்ஸே இல்லை. அதுதான் கூலி. நியூயார்க்கில் ரிக்ஸ் கேபரேயில் ஆடிய பெண்கள் போட்ட வழக்கில், அவர்கள் சுயதொழில்காரர்கள் அல்ல, ஊழியர்களே என்று 2013-ல் ஃபெடரல் நீதிமன்றம் சொன்னது. அதே தர்க்கம் ஆண்களுக்கும்தானே பொருந்தும்? ஆனால் ஆடுகிற ஆணையும் ஒரு உழைப்பாளி என்று நினைத்துப் பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

நோட்டு விஷயத்தில் ஒரு சுவாரஸ்யம். எவ்வளவு கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பது மனசு இல்லை, அந்த நாட்டு ரிசர்வ் பேங்க்! அமெரிக்காவில் ஒரு டாலர் நோட்டு இன்னும் புழக்கத்தில் இருப்பதால் அதுவே குறைந்தபட்சம். கனடாவில் ஒரு டாலர் நோட்டு 1989-லும் இரண்டு டாலர் நோட்டு 1996-லும் நின்றுபோய் இரண்டுமே காசாகிவிட்டன. மாண்ட்ரியால் ஆண் நடன கிளப்கள் பேர்போனவை, அங்கே போய் ஆடுகிற ஆள் மேல் சில்லறையை விட்டெறிந்தால் எப்படி இருக்கும்? ஆக அங்கே மரியாதையின் ஆரம்ப விலை ஐந்து டாலர். இங்கிலாந்திலும் அப்படித்தான், ஒரு பவுண்டு நோட்டை 1988-லேயே எடுத்துவிட்டார்கள். எங்கே போனாலும் சின்ன நோட்டை வெளியிலேயே மாற்றிக்கொண்டு போவது நல்லது. உள்ளே இருக்கிற ஏடிஎம் கட்டணத்தில் ஒரு பிரியாணி சாப்பிடலாம்.

கடைசியாக, கை. தொடக் கூடாது என்பது விதி. ஆடுகிறவன் தானாகக் கையைப் பிடித்துத் தோளில் வைத்தால் தோளோடு நிற்க வேண்டும், அதற்கு மேல் அனுமதி இல்லை. பெண்கள் ஆடும் கிளப்பில் ஒரு ஆண் இதை மீறினால் நாலு தடியர்கள் வந்து தூக்கிக்கொண்டு போய் வாசலில் போடுவார்கள். இங்கே ஒரு பெண் நகம் பதியக் கிள்ளினால், உள்ளாடையைப் பிடித்து இழுத்தால், சுற்றியிருப்பவர்கள் கைதட்டுகிறார்கள். காவலர் சிரித்துக்கொண்டே ஒதுங்குகிறார். ஆம்பளைக்கு என்ன, ஜாலியாகத்தானே இருக்கும் என்று ஒரு நினைப்பு. அவனும் சிரிக்கத்தான் செய்கிறான், ஏனென்றால் அந்த 80 டாலர் இன்னும் வரவில்லை. அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்வது, பஸ்ஸில் இடிபட்ட பெண் சத்தம் போடவில்லை என்பதால் அவளுக்குப் பிடித்திருக்கிறது என்று சொல்லும் அதே அயோக்கியத்தனம்தான். பஸ்ஸில் அதைத் தட்டிக் கேட்கிற பெண்ணே இங்கே வந்து கிள்ளுகிறாள் என்பதுதான் வேடிக்கை.

ஆண்களுக்கான கே கிளப்களுக்குக் கல்யாணப் பெண் கோஷ்டிகள் கும்பலாகப் போய்க் கூச்சல் போடுவதும் இதே ரகம். அங்கே வாடிக்கையாக வருகிறவர்களுக்கு அது நிம்மதியாக மூச்சு விடும் இடம். அவர்களைக் காட்சிப் பொருளாகப் பார்த்துச் சிரிக்க ஒரு கூட்டம் வந்தால், மறுவாரம் அவர்கள் வர மாட்டார்கள். வாராவாரம் வந்து இருபது டாலர் கொடுக்கிறவர் போய்விட்டு, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வந்து ஒரு டாலர் கொடுக்கிற கூட்டம் மிஞ்சினால், மேடைக் கட்டணத்தை ஆடுகிறவன் யாரிடமிருந்து எடுப்பான்? கிளப் முதலாளிக்கு அந்தக் கவலை இல்லை. பானத்தில் அவருக்கு வரவேண்டியது வந்துவிடுகிறது.