வெள்ளையடித்தால் துரு போகுமா?

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்று மணி. எங்கள் அடுக்ககத்தின் முதல் மாடி பால்கனிக்குக் கீழே ஓர் இஸ்திரி வண்டி நிற்கும். பதினைந்து வருஷமாக அதே இடம். வண்டிக்காரர் டீ குடிக்கத் தெருமுனைக்குப் போயிருந்த நேரத்தில், பால்கனியின் அடியிலிருந்து ஒரு பாளம் காங்கிரீட் பெயர்ந்து வண்டிமேல் விழுந்தது. பலகை இரண்டாகப் பிளந்துவிட்டது. அந்தப் பாளத்தை ஒரு கையால் தூக்கப் பார்த்தேன், முடியவில்லை. திரும்பி வந்த மனிதர் ஒன்றும் பேசவில்லை. சிதறிக் கிடந்த துணிகளை எண்ணி எடுத்து வைத்தார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே வாசலில் கூட்டம் கூடியது. இரண்டே யோசனைகள். ஒன்று: "ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பூசிட்டு, பொங்கலுக்குள்ள பெயிண்டும் அடிச்சிடலாம் சார்." மற்றது: "நாற்பது வருஷக் கட்டடம் சார், இனிமே செலவு பண்றது தண்டம். பில்டர்கிட்ட குடுத்துடலாம்." நந்தனத்தில் எந்தத் தெருவில் கேட்டாலும் இந்த இரண்டு பாட்டுத்தான். இரண்டுமே தவறு என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்தபோது நான்தான் சங்கப் பொருளாளர். மொட்டை மாடியில் தட்டோடுகள் விரிந்து ஒழுகல் இருந்தது. அதே பால்கனியில் விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பும் இருந்தது. கையில் இருந்த பணம் ஒரு வேலைக்குத்தான் போதும். ஒழுகலை அடைப்பதா, வெளிப்பக்கம் வண்ணம் அடிப்பதா? எல்லோரும் வண்ணம் என்றார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். ஐந்து வருஷம் கட்டடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. உள்ளே கம்பி அரித்துக்கொண்டே போயிருக்கிறது. அரசாங்கத்தில் முப்பத்தாறு வருஷம் கோப்பு பார்த்தவன் நான். பிரச்சினையைத் தீர்க்காமல் மேலட்டையை மட்டும் மாற்றும் வித்தை எனக்குப் புதிதல்ல.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கம்பி போட்ட காங்கிரீட்டுக்கு அங்கே 'பெத்தோன் ஆர்மே' என்று பெயர், அதாவது ஆயுதம் தரித்த காங்கிரீட். ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் பூந்தொட்டி உடையாமல் இருக்க இரும்பு வலை வைத்துச் சிமெண்ட் பூசி, 1867இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். இன்று நாம் குடியிருக்கும் வீடெல்லாம் ஒரு வகையில் அந்தப் பூந்தொட்டியின் வாரிசுதான். ஆனால் அந்த ஆயுதம் துருப்பிடித்தால் தாங்க வேண்டியதையே குத்தும்.

எப்படி என்று கேட்டால், விஷயம் எளிது. நல்ல காங்கிரீட்டில் காரத்தன்மை அதிகம். அது இருக்கும்வரை கம்பி துருப்பிடிக்காது. வருஷக்கணக்கில் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் குறைக்கிறது. கடற்காற்றின் உப்பு, கட்டும்போது கலந்த உப்புத்தண்ணி ஆகியவை வேறு. நந்தனத்திலிருந்து கடல் நாலு கிலோமீட்டர்தான். போதாக்குறைக்கு மாடியிலிருந்து ஒழுகும் தண்ணி. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாததால் காங்கிரீட்டை வெளியே தள்ளும். முதலில் கம்பியின் போக்கிலேயே மெல்லிய கோடு, பிறகு பழுப்புக் கறை, பிறகு உப்பல், கடைசியில் பாளம். ஒவ்வொரு கட்டத்திலும் கட்டடம் நம்மிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. நாம்தான் அதன் வாயில் பட்டி வைத்து அடைக்கிறோம்.

இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 456 என்று ஒரு விதித்தொகுப்பு உண்டு. அதன் 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், ஈரமாக இருக்கும்போது சில சமயம் உறைபனிக்கு ஆளாகும் காங்கிரீட்டையும் கடலோரச் சூழலில் இருக்கும் காங்கிரீட்டையும் 'கடுமையான' சூழல் என்று ஒரே வகையில் வைத்திருக்கிறார்கள். அதாவது, பனிமலையில் வீடு கட்டுகிறவனுக்கும் கடலோரத்தில் கட்டுகிறவனுக்கும் ஒரே எச்சரிக்கை. கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது விதி. எங்கள் கட்டடம் எழுந்த காலத்தில் தளத்துக்கு 15 மில்லிமீட்டர் போதும் என்றிருந்தார்கள். விழுந்த பாளத்தை நான் ஸ்கேல் வைத்து அளந்தேன். அந்தப் பதினைந்துகூட இல்லை.

பனிமலைக் கதையையும் சொல்கிறேன். என் மகள் பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலை சூழ்ந்த கிரெனோபிள் நகரத்தில் இருக்கிறாள். அங்கே ஒரு பூங்காவில் ஓகுஸ்த் பெரே 1925இல் காங்கிரீட்டிலேயே கட்டிய உயரமான கோபுரம் நிற்கிறது. பார்க்கப் போனேன், ஏற முடியவில்லை. 1960இலேயே பொதுமக்களுக்கு மூடிவிட்டார்களாம். பல பத்தாண்டு கழித்துத்தான் பழுதுபார்க்கத் தொடங்கினார்கள். அங்கே எதிரி உறைபனி. வெடிப்பில் புகுந்த தண்ணி உறைந்தால் ஏறக்குறைய ஒன்பது சதவீதம் விரிந்து ஆப்பு போலப் பிளக்கும். இங்கே துரு பிளக்கிறது. ஆயுதம்தான் வேறு, இரண்டு ஊரிலும் உள்ளே வரும் திருடன் தண்ணிதான். ஆனால் அந்த நாட்டில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பாரிஸ் போன்ற நகரங்களில் கட்டடத்தின் முகப்பைக் குறைந்தது பத்து வருஷத்துக்கு ஒரு முறை சீர்செய்யச் சொல்லி உத்தரவிட நகராட்சிக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. 'ரவால்மான்' என்பார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

'கடலோரம் என்றால் காங்கிரீட் நிலைக்காது' என்பவர்கள் ஒருமுறை புதுச்சேரிக்குப் போய் வாருங்கள். அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்ட் விடுதி, கடலிலிருந்து நடந்துபோகிற தூரம். அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்தது. 1930களில் தொடங்கி நாற்பதுகளில் முடித்தார்கள். எண்பது வருஷம் தாண்டியும் ஆட்கள் தங்குகிறார்கள். காரணம் மந்திரம் இல்லை. அன்று பொறுமையாகக் கட்டினார்கள், அன்றிலிருந்து விடாமல் பராமரிக்கிறார்கள். நாற்பது வயதில் ஒரு கட்டடத்துக்கு மூப்பு வருவதில்லை, நாம் வர வைக்கிறோம்.

ஒட்டுப்பூச்சு ஏன் கூடாது? துருவேறிய கம்பிமேல் அப்படியே சிமெண்ட் அப்பினால் அடுத்த மழைக்காலத்தில் ஒட்டுப்போட்டதும் சேர்ந்து விழும், இன்னும் பெரிதாக. சரியான முறைக்கு வரிசை உண்டு. முதலில் தண்ணி வரும் வழியை அடைக்க வேண்டும்: மாடித் தளம், குளியலறை, மழைநீர்க் குழாய், சுவரில் முளைத்த அரசங்கன்று. பிறகு சின்னச் சுத்தியலால் தட்டி, 'டொக்கு டொக்கு' என்று வெற்றொலி வரும் இடமெல்லாம் உடைக்க வேண்டும், கம்பியின் பின்பக்கம் தெரியும்வரை. கம்பியைப் பளிச்சென்று வரும்வரை துரு நீக்க வேண்டும். இளைத்துப்போன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்ட வேண்டும். துருத் தடுப்புப் பூச்சு, பழசும் புதுசும் ஒட்டுவதற்கான பூச்சு, பிறகு பாலிமர் கலந்த சிமெண்ட் சாந்தைக் கனமாக அப்பாமல் அடுக்கடுக்காக. அதற்கு நாள் தவறாமல் நீராற்ற வேண்டும். வண்ணம் கடைசி. அந்தக் கடைசி வேலையைத்தான் நாம் முதலில், அதை மட்டுமே செய்கிறோம்.

இதில் சிமெண்டைவிடக் கடினமான பொருள் மனிதர்கள். மேல்வீட்டுக் குளியலறை ஒழுகினால் கீழ்வீட்டுக் கூரையில் ஓதம். மேல்வீட்டுக்காரர், "எங்க வீட்ல ஒண்ணும் தெரியலையே சார்" என்பார். மாடித் தளம் என்றால் தரைத்தளத்துக்காரர், "எனக்கும் மொட்டை மாடிக்கும் என்ன சம்பந்தம்?" என்பார். இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்குச் சம்மதம் போதும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சம்மதம் சுலபமாகக் கிடைக்கும் போலிருக்கிறது. ஓர் ஒழுகலை அடைக்கத்தான் கிடைக்கவில்லை! இடித்துக் கட்டும் இரண்டு மூன்று வருஷம் எழுபத்தைந்து வயதுக்காரர்கள் வாடகை வீட்டில் இருக்க வேண்டும். திரும்பி வருவோம் என்று யாருக்கு உத்தரவாதம்?

இந்த இழுபறியின் முடிவு என்ன என்பதற்கு 2021ஆம் ஆண்டே போதும். ஜூன் 24 அன்று அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் சர்ஃப்சைடு கடற்கரையில், 1981இல் கட்டிய பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு நள்ளிரவு தாண்டிச் சரிந்தது. 98 பேர் மாண்டார்கள். நீச்சல்குளத் தளத்தில் நீர்த்தடுப்பு பழுதாகி அடியில் காங்கிரீட் கெட்டிருக்கிறது என்று பொறியாளர் 2018இலேயே எழுதிக் கொடுத்திருந்தார். பழுதுபார்க்கும் செலவைப் பற்றி உரிமையாளர்கள் வருஷக்கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று நம் திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட அரசுக் குடியிருப்பு ஒன்று இடிந்தது. விரிசலைப் பார்த்துப் பயந்து குடியிருந்தவர்கள் வெளியே ஓடியதால் ஓர் உயிரும் போகவில்லை. அவர்கள் சுவர் சொன்னதைக் கேட்டார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கக் கூட்டம். நான் மூன்று தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன். கட்டடப் பொறியாளர் ஒருவரை வைத்து ஒவ்வொரு பால்கனியையும் தட்டிப் பார்ப்பது, ஒழுகல் நிற்கும்வரை வண்ணத்துக்கு ஒரு ரூபாயும் செலவழிக்காமல் இருப்பது, இஸ்திரி வண்டிக்குப் புதுப் பலகை வாங்கித் தருவது. மூன்றாவது மட்டும் நிறைவேறும் என்று என் மனைவி சொல்கிறாள். பார்க்கலாம்.

அந்த வண்டி இப்போது எதிர்ப்பக்கம் வேப்பமரத்தடியில் நிற்கிறது. நாங்கள் யாரும் நகரச் சொல்லவில்லை, அவராகவே நகர்ந்துகொண்டார். நீங்களும் இன்று ஒருமுறை உங்கள் பால்கனிக்குக் கீழே போய் அண்ணாந்து பாருங்கள்.