சுவரின் அழகு வெளியே, அறிவியல் உள்ளே

மாணவர்களே, விறகை அடுக்கி வைத்தது போலவே ஒரு வீட்டுச் சுவர் இருந்தால் எப்படி இருக்கும்? கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் அத்தகைய வீடுகள் உண்டு. சுமார் 40 சென்டிமீட்டர் நீள மரத்துண்டுகளைச் சுவருக்குக் குறுக்கே படுக்க வைத்து, சாந்து கொண்டு கட்டுகிறார்கள். இதற்குக் ‘கார்ட்வுட்’ சுவர் என்று பெயர். வட்ட வட்டமான மரமுனைகளும், இடையிடையே பதித்த வண்ணப் போத்தல்களும் கண்ணைக் கவரும்.

“தடித்த மரம் இருப்பதால் வீட்டுக்குள் குளிர் ஏறாது” என்று நீங்கள் சொல்லலாம். அது பாதிப் பதில்தான். இந்தச் சுவரின் உண்மையான சிறப்பு, கண்ணுக்குத் தெரியாத அதன் நடுப்பகுதியில் இருக்கிறது என்பதே என் கருத்து.

வெப்பக் கடத்துத்திறனை ஒப்பிட்டுப் பாருங்கள். வாட்/மீட்டர் கெல்வின் அலகில், அசையாத காற்றுக்குச் சுமார் 0.025, காய்ந்த பைன் மரத்துக்குச் சுமார் 0.12, சிமெண்டுச் சாந்துக்கு ஏறக்குறைய 1. சுவரின் தடிப்பு முழுவதும் சாந்தை நிரப்பினால், அறையின் வெப்பம் அதன் வழியே வெளியேறிவிடும். ஆகவே உள்முகத்திலும் வெளிமுகத்திலும் மட்டும் சாந்து வைத்து, நடுவில் சுண்ணாம்பு கலந்த உலர்ந்த மரத்தூளை நிரப்புகிறார்கள். தூளுக்கிடையே சிக்கிய காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. சந்தையில் மீன் வைக்கும் வெள்ளை நுரைப்பெட்டியும் இப்படித்தான் வேலை செய்கிறது.

மரத்துக்கும் ஒரு குறை உண்டு. நார் ஓடும் திசையில் அது ஏறத்தாழ இருமடங்கு வெப்பத்தைக் கடத்தும். இந்தச் சுவரில் நார் உள்ளிருந்து வெளியே ஓடுகிறது! மேலும், ஈரமரத்தில் கட்டினால் அது பிறகு காய்ந்து சுருங்கும். இடுக்குகள் வழியே காற்று புகும். அதனால்தான் பட்டையை உரித்து, நன்கு காயவைத்த பிறகே பயன்படுத்துகிறார்கள்.

அழகாக இருக்கிறதே என்று இதை நம் ஊரில் அப்படியே கட்டலாமா? வேண்டாம் என்பேன். வெளியே தெரியும் மரமுனை மழைநீரை உறிஞ்சும். ஈரமான மரத்தைப் பூஞ்சை அரிக்கும், கரையானும் தேடி வரும். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சுவரை அல்ல, அதன் கொள்கையை. நண்பகலில் சுடும் நம் கூரைக்கு அடியிலும் காற்றைச் சிறைப்பிடிக்கும் ஓர் அடுக்கு பயன்படும்.

இனி அழகான வீட்டுப் படம் ஒன்றைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வெப்பம் எந்த வழியே போகும்? காற்று எங்கே சிக்கியிருக்கிறது? மழைநீர் எங்கே போகும்? பதில் கிடைத்த பிறகு பாராட்டுங்கள்.