ஒரு படம் போதும் என்று சொன்னவன் நான்



நேற்று ராத்திரி பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஓர் எக்ஸ்ரே அனுப்பியிருந்தான். அவன் வீட்டு நாயின் வயிறு. டியூப் லைட்டுக்கு எதிரே பிடித்து போனில் எடுத்த படம். இரண்டு நாளாக வாந்தியாம். "சார், இதுல ஒண்ணும் இல்லதானே?" என்று கேட்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் பதில் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. போன வருஷம் இதே தப்பைச் செய்தவன் நான்.

எங்கள் மணியை உங்களில் பலருக்குத் தெரியும். போன மாம்பழ சீசனில் அவன் வாந்தி எடுக்க ஆரம்பித்தான். டாக்டர் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துவிட்டு, "மல்லாக்கப் படுக்கவைத்து இன்னொன்று எடுக்கலாம் சார்" என்றார். மணி முரண்டு பிடித்தான். எனக்கோ பில் ஏறுகிறதே என்ற கவலை. "எலும்பு கிலும்பு எதுவும் தெரியலையே டாக்டர், இது போதும்" என்றேன். மாங்கொட்டை ஏதாவது தின்றிருக்குமா என்று அவர் கேட்டதற்கும், "எங்க வீட்ல அதெல்லாம் கீழே கிடக்காது சார்" என்று அடித்துச் சொன்னேன்.

மூன்றாம் நாள் தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. மறுபடி ஓடினோம். இந்த முறை மூன்று படங்கள். அன்று மாலையே ஆபரேஷன். குடலை அடைத்திருந்தது மாங்கொட்டைதான். மொட்டைமாடியில் உட்கார்ந்து நான் சப்பிப் போட்டது. கறுத்துப்போன குடலில் ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

முதல் படத்தில் ஏன் தெரியவில்லை? எக்ஸ்ரே என்பது நிழல். அதில் மொத்தமே ஐந்து சாயல்கள்தான். காற்று கறுப்பு. கொழுப்பு அடர்ந்த சாம்பல். தண்ணீரும் சதையும் ஒரே சாம்பல். எலும்பு வெளுப்பு. உலோகம் பளீர் வெள்ளை. முழுங்கிய நாணயத்தை நானே காட்டிவிடுவேன். மாங்கொட்டை, சோளக்கட்டை, துணி இவையெல்லாம் ஈரத்தில் ஊறி, சுற்றியிருக்கும் சதையின் சாம்பலோடு கலந்துவிடும். மூத்திரப் பையில் வரும் கற்களில்கூட யூரேட் கல் சாதாரணப் படத்தில் பெரும்பாலும் கண்ணில் படாது. கல்லே தெரியாதபோது கொட்டை எங்கே தெரியப்போகிறது!

ஏன் பல படங்கள் கேட்கிறார்கள் என்பதும் நான் வகுப்பில் நடத்திய பாடம்தான். ரசமட்டத்துக்குள் காற்றுக்குமிழி மேலே ஏறுவதைக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? நாயை இடப்பக்கமாகப் படுக்கவைத்தால் இரைப்பையில் உள்ள காற்று வலப்பக்கம் இருக்கிற வெளிவாசலுக்கு ஏறும். அங்கே ஏதாவது மாட்டியிருந்தால், அந்தக் கறுப்பின் நடுவே அதன் விளிம்பு தெரியும். வலப்பக்கமாகப் படுத்தால் அதே இடத்தில் தண்ணீர் நிற்கும், பொருள் மறைந்துபோகும். அதே நாய், அதே வயிறு, புரட்டிப் போட்டதும் வேறு படம்.

இன்னொன்று. டாக்டர் கொட்டையை மட்டும் தேடவில்லை, அது விட்டுச்சென்ற தடயத்தையும் தேடினார். முதுகெலும்பில் இடுப்புப் பகுதியின் 5ஆவது எலும்பை அளந்தார். சிறுகுடலின் அகலம் அந்த எலும்பின் உயரத்தைப்போல 1.6 மடங்கைத் தாண்டினால் அடைப்பு இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டுமாம். நாய்க்குள்ளேயே ஒரு ஸ்கேல்! சின்ன நாயோ பெரிய நாயோ, சென்டிமீட்டர் கணக்கே வேண்டாம். அந்தக் கவலையிலும் எனக்கு இது பிடித்துப்போனது. வாத்தியார் புத்தி, என்ன செய்ய?

"நாலு படம் எடுத்துக் காசு பிடுங்குறாங்க" என்று சொந்தங்களில் சிலர் சொல்வீர்கள். நானும் சொன்னவன்தான். அப்படிப்பட்ட இடங்களே கிடையாது என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் வாந்தி நிற்காத நாய்க்கு இரண்டாவது படம் கேட்கிற டாக்டரைச் சந்தேகப்படுவது அநியாயம். அதிலும் தெளிவில்லை என்றால் ஸ்கேன் கேட்பார், சில மணி நேரம் கழித்து மறுபடி படம் கேட்பார். கேட்கட்டும். பெரிய ஜாதி நாய்க்கு வயிறு திடீரென்று உப்பி இரைப்பை முறுக்கிக்கொண்டால் கதை வேறு. அங்கே வலப்பக்கமாகப் படுக்கவைத்து எடுத்த ஒரு படத்திலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்போது நின்று பேச நேரமும் இருக்காது.

படத்தைவிட உதவுவது நீங்கள் சொல்லும் உண்மை. வீட்டில் காணாமல்போன சாக்ஸ், எண்ணிக்கையில் குறைகிற மாங்கொட்டை, எதையும் மறைக்காதீர்கள். கௌரவம் பார்த்து நான் சொன்ன அந்த ஒரு வரிக்கு மணியின் வயிற்றில் இன்னும் தழும்பு இருக்கிறது.

மாணவனுக்கு ராத்திரியே போன் போட்டேன். "தம்பி, என்கிட்டே கேட்காதே. விடிஞ்சதும் நாயைத் தூக்கிட்டுப் போ. டாக்டர் எத்தனை படம் கேட்டாலும் எடுக்கச் சொல்லு" என்றேன். இப்போது க்ளினிக்கில்தான் இருக்கிறானாம். இரண்டாவது படத்துக்கு நாயைத் திருப்பிப் படுக்கவைத்திருக்கிறார்கள். சேதி வந்ததும் கீழே கமெண்டில் போடுகிறேன்.