சூடாக இருந்தால் கிளம்ப மறுக்கும் வேன்: எதை மாற்றுவது?

“எங்களிடம் கார்புரேட்டர் உள்ள பழைய பெட்ரோல் வேன் இருக்கிறது. தோட்டத்துக் காய்கறியை ஏற்றிக்கொண்டு புளியரை மேட்டில் ஏறி, ஆரியங்காவு கடைகளில் இறக்குகிறோம். காலையில் வீட்டில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆகும் வண்டி, ஆரியங்காவில் 15 நிமிடம் நிறுத்தினால் பிறகு கிளம்புவதில்லை. அரை மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால் தானாகவே சரியாகிவிடுகிறது. குற்றாலம் போய், ஐந்தருவியில் குளித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால் பிரச்னையே இல்லை. செல்ஃப் மோட்டார், கார்புரேட்டர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா, வண்டியையே விற்றுவிடலாமா?”

- வாசகர், பாவூர்சத்திரம்.

இப்போதைக்கு எதையும் மாற்றவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். முதலில் ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஆரியங்காவில் சாவியைத் திருப்பும்போது செல்ஃப் மோட்டார் இன்ஜினைச் சுற்றுகிறதா, இல்லையா? சுற்றவில்லை என்றால் கோளாறு பேட்டரி, வயர், செல்ஃப் மோட்டார் பக்கம் இருக்கிறது. வழக்கமான வேகத்தில் சுற்றியும் கிளம்பவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரை மாற்றுவது வீண் செலவு. அப்போது பார்க்க வேண்டியது ஸ்பார்க் அல்லது பெட்ரோல்.

இந்த மூன்றில் எது என்பதை, வண்டி அடம்பிடிக்கும் நேரத்திலேயே பார்த்துவிட வேண்டும். ஆறிய பிறகு ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாகவே இருக்கும். அங்கே மெக்கானிக் ஊகித்துத்தான் பாகத்தைச் சொல்ல முடியும்.

நிறுத்திய பிறகு ஏறும் சூடு

வண்டி ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீரும் ஃபேனும் எதிர்க்காற்றும் சூட்டை வெளியே கொண்டுபோகின்றன. இன்ஜினை அணைத்ததும் தண்ணீர் ஓட்டம் நின்றுவிடும். இன்ஜின் இரும்பில் இருக்கும் சூடு மேலே ஏறி கார்புரேட்டர், பெட்ரோல் குழாய், இக்னிஷன் காயில், செல்ஃப் மோட்டார் எல்லாவற்றையும் தாக்கும். அதனால்தான் அணைத்த உடனே திருப்பினால் கிளம்பும் வண்டி, டீ குடித்துவிட்டு வந்தால் மறுக்கிறது. பாரத்தோடு சின்ன கியரில் மேடு ஏறும்போது இன்ஜின் சூடு கூடுதலாக இருக்கும். சீட்டுக்கு அடியில் இன்ஜின் உள்ள வேன்களில் அந்தச் சூடு வெளியேறவும் வழி குறைவு. குற்றாலத்தில் சாரலில் இரண்டு மணி நேரம் நின்ற வண்டி நன்றாக ஆறிவிடுகிறது.

முதல் சோதனை: செல்ஃப் சுற்றுகிறதா?

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்று, வெளிச்சமும் மங்கிப்போனால் பேட்டரி பலவீனம் அல்லது பேட்டரி முனையில் பூப்பூத்திருக்கிறது. இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே உள்ள எர்த் வயர் தளர்ந்திருந்தாலும் இப்படி ஆகும். வெளிச்சம் மங்காமல் ‘டிக்’ மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டாரின் சோலினாய்டைப் பார்க்க வேண்டும்.

சூட்டில் செம்புக் கம்பியின் மின்தடை கூடும். 60 டிகிரி சூடு கூடினால் மின்தடை ஏறக்குறைய கால் பங்கு கூடிவிடும். காலையில் சமாளித்த தளர்வான இணைப்பு, சூட்டில் கைவிட்டுவிடும். எனவே முதலில் முனைகளையும் எர்த் வயரையும் சுரண்டிச் சுத்தம் செய்து முடுக்குங்கள். இதற்குச் செலவே இல்லை. மல்டிமீட்டர் இருந்தால், நிறுத்திய வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இவை சரியாக இருந்தும் சூட்டில் மட்டும் மெதுவாகச் சுற்றினால், அப்போது செல்ஃப் மோட்டாரைக் கழற்றி புஷ், கார்பன் பிரஷ் தேய்மானத்தைப் பார்க்கச் சொல்லலாம்.

இரண்டாவது சோதனை: பெட்ரோல் கூடுதலா, குறைவா?

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் கிளம்பவில்லை என்றால் மூக்கைப் பயன்படுத்துங்கள்.

பெட்ரோல் வாசம் குப்பென்று அடித்தால், சூட்டில் கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் கொதித்து உள்ளே வழிந்திருக்கிறது. பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரி வாக்கிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். இன்ஜினுக்கு வெளியே கசிவு எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, சோக்கை முழுதாக உள்ளே தள்ளி, ஆக்ஸிலேட்டரை அடி வரை அழுத்திப் பிடித்தபடி 5 முதல் 10 விநாடி செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல் இறங்கும். கரும்புகையோடு கிளம்பினால் காரணம் இதுதான். கார்புரேட்டரின் நீடில் வால்வு, மிதவை அளவு, கார்புரேட்டருக்கு அடியில் சூட்டைத் தடுக்கும் தடித்த பேக்கிங் ஆகியவற்றைப் பார்த்தால் போதும். முழு கார்புரேட்டரை மாற்றத் தேவையில்லாமல் போகலாம்.

வாசமே இல்லை, கழற்றிய பிளக்கும் உலர்ந்திருக்கிறது என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்தால் மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறாது அல்லவா? அதேபோல பெட்ரோல் குழாயில் ஆவி நின்றுகொண்டால் பம்ப் அடித்தும் பெட்ரோல் ஏறாது. ஈரத்துணியைப் பிழிந்து பெட்ரோல் பம்ப் மீதும் குழாய் மீதும் மட்டும் சுற்றி வையுங்கள். சைலன்சர் பக்கமும் காயில் பக்கமும் ஈரம் படக் கூடாது. சில நிமிடங்களில் கிளம்பினால் ஆவி அடைப்புதான். சைலன்சர் குழாயை ஒட்டிப் போகும் பெட்ரோல் குழாயைத் தள்ளிக் கட்டுவது, நடுவே ஒரு தகடு வைப்பது, அடைத்த ஃபில்டரை மாற்றுவது ஆகியவை இதற்குத் தீர்வு.

பெட்ரோல் டேங்க் மூடியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவிகிதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. குழாய் உப்பியிருந்தாலோ வெடித்திருந்தாலோ உடனே மாற்றிவிடுங்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும்.

மூன்றாவது சோதனை: ஸ்பார்க்

இதை மெக்கானிக்கை வைத்துப் பார்ப்பதே நல்லது. பெட்ரோல் வாசம் அடிக்கும்போது இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. சூட்டில் ஸ்பார்க் இல்லாமல் போய், ஆறியதும் நீல நிறத்தில் வலுவாக வந்தால் இக்னிஷன் காயில், மாடியூல் அல்லது கண்டன்சர் காரணமாக இருக்கலாம். கார்புரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ கார்களில் கிராங்க் சென்சாரும் இதேபோல் சூட்டில் செயலிழந்து, ஆறியதும் வேலை செய்யும்.

மூன்று சோதனைகளின் முடிவையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை நிமிடம் நின்றது, செல்ஃப் எப்படிச் சுற்றியது, வாசம் அடித்ததா, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது என்ற நான்கு விவரம் போதும். இரண்டு, மூன்று நடை இதை எழுதிக் காட்டினால் மெக்கானிக்கின் வேலையும் எளிதாகும், உங்கள் பணமும் மிஞ்சும்.

மலைப்பாதையில் நின்றுவிட்டால்...

எஸ் வளைவிலோ குறுகிய இடத்திலோ நிறுத்தாதீர்கள். அகலமான இடத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முட்டுக்கல் வைத்த பிறகே இன்ஜினைப் பாருங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. சூடான இன்ஜின் மேல் தண்ணீர் ஊற்றினால் இரும்பு வெடிக்கும்.

இறக்கத்தில் உருட்டிக் கிளப்பலாம் என்ற யோசனை வேண்டாம். இன்ஜின் ஓடாதபோது பிரேக் பூஸ்டருக்கு இழுவை கிடைக்காது. ஒன்றிரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் கல்போல் இறுகிவிடும். ஆரியங்காவிலிருந்து புளியரைக்கு இறங்கும் வளைவுகளில் அது உயிருக்கே ஆபத்து. அரை மணி நேரம் காத்திருப்பதே லாபம்.

“எங்கள் டீசல் குட்டி யானையும் இதேபோல் சூட்டில் தாமதமாகக் கிளம்புகிறது. டீசல் ஆவியாகாது என்கிறார்களே, பிறகு என்ன காரணம்?”

- வாசகர், சுரண்டை.

உண்மைதான். டீசலுக்கு ஆவி அடைப்பும் கிடையாது, ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. ஆனால், செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் டீசல் இன்ஜின் கிளம்பாது. எனவே பேட்டரி முனை, எர்த் வயர் சோதனை இதற்கும் பொருந்தும்.

அது சரியாக இருந்தால், அடுத்தது டீசல் வரத்து. ஹேண்ட் பிரைமரை அழுத்திப் பாருங்கள். பலமுறை அழுத்தியும் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் எங்கோ காற்று இழுக்கிறது. ஃபில்டர், வாஷர், குழாய் இணைப்புகளைப் பாருங்கள். அங்கும் குறை இல்லை என்றால் டீசல் பம்ப் தேய்ந்திருக்கலாம். சூட்டில் டீசல் இளகும். தேய்ந்த பம்ப்பின் உள்ளேயே அது கசிந்துவிடுவதால், செல்ஃப் சுற்றும் வேகத்தில் நாசிலுக்குப் போதிய அழுத்தம் கிடைக்காது. புதிய காமன் ரயில் வண்டிகளில் நாசில் வழியாகத் திரும்பும் டீசல் அதிகமானாலும் இதே விளைவுதான். பம்ப்பையோ நாசிலையோ மாற்றும் முன், டீசல் பம்ப் சர்வீஸ் சென்டரில் சோதனை பெஞ்ச்சில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

போர் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். அதில் உள்ள உப்பு, கொதிக்கும் பாத்திரத்தில் படிவதுபோல உள்ளே படிந்து, இன்ஜினை எப்போதும் கூடுதல் சூட்டில் வைத்திருக்கும். பெட்ரோலோ, டீசலோ, கம்பெனி சொல்லும் அளவில் கூலன்ட் கலந்து ஊற்றுவதும், ஃபேன் பெல்ட்டின் இறுக்கத்தைப் பார்ப்பதும் சூட்டுக் கோளாறு பாதியைத் தவிர்க்கும்.