வலையட்டையின் மீது பழி போடாதீர்!

"கார்டு போயிடுச்சு சார், புதுசா மாத்தணும்."

சில ஆண்டுகளுக்கு முன் நம் கணினி அறைக்குப் பழுதுபார்க்க வந்தவர் பத்தே நிமிடத்தில் வழங்கிய தீர்ப்பு இது. அவர் முறையாக எதையும் சோதிக்கவில்லை. நாங்களும் ஏன் என்று கேட்கவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தில் புதிய வலையட்டை வந்தது. இணையம் மட்டும் வரவில்லை! மூன்று வாரம் அறை பூட்டிக் கிடந்தது. இழப்பு யாருக்கு? வீட்டில் கணினி இல்லாத நம் மாணவர்களுக்குத்தான்.

இறுதியில் கண்ட உண்மை என்ன? இணைய இணைப்பைப் பகிரும் முதன்மைக் கணினியில் இரண்டு வலையட்டைகள் இருந்தன. ஒன்று மோடத்துடன் இணைந்தது. மற்றொன்று மாணவர் கணினிகளுடன் இணைந்தது. பகிர்வுக்கான குறியை மோடத்துடன் இணைந்த அட்டையின் அமைப்பில்தான் இட வேண்டும். யாரோ அதனை மற்றதில் இட்டிருந்தார். ஒரே ஒரு சொடுக்கில் தீர வேண்டிய சிக்கல்!

வலையட்டை பழுதாகவே ஆகாது என்று நான் வாதிடவில்லை. சோதிக்காமல் தீர்ப்பளிப்பதைத்தான் எதிர்க்கிறேன். சோதனை ஒன்றும் கடினமன்று. அட்டையில் விளக்கு எரிகிறதா? எரியவில்லை எனில் முதலில் கம்பி வடத்தை மாற்றிப் பாருங்கள். விண்டோஸின் சாதன நிர்வாகியில் அட்டையின் மீது மஞ்சள் வியப்புக்குறி தெரிகிறதா? இயக்கி மென்பொருளை மீண்டும் நிறுவுங்கள்.

அடுத்து, மாணவர் கணினியின் முகவரியைப் பாருங்கள். அது 169.254 என்று தொடங்கினால், முதன்மைக் கணினியிடம் முகவரி கேட்டும் பதில் கிடைக்கவில்லை என்று பொருள். கேட்கத் தெரிந்த அட்டை பெரும்பாலும் நலமாகவே இருக்கும்! அப்போது பகிர்வு அமைப்பை ஆராய வேண்டும். விண்டோஸ் 7 முதல், பகிர்வு சரியாக இயங்கும்போது முதன்மைக் கணினியின் உட்புற அட்டைக்கு 192.168.137.1 என்னும் முகவரி அமையும். எக்ஸ்பியில் அது 192.168.0.1. அந்த முகவரிக்குப் பிங் கட்டளை அனுப்பிப் பதில் வந்தால், அட்டையும் வடமும் குற்றமற்றவை.

சிலர் 127.0.0.1-க்குப் பிங் அனுப்பி, "அட்டை நன்றாக உள்ளது" என்பர். இதுவும் பிழையே. அக்கட்டளை கணினிக்குள்ளேயே சுற்றித் திரும்பிவிடும்; அட்டையைத் தொடுவதே இல்லை.

"எங்களுக்குப் பாடம் நடத்தவே நேரமில்லை, இதெல்லாம் ஆசிரியர் வேலையா?" என்று சில நண்பர்கள் கேட்கின்றனர். பணிச்சுமையை நானும் அறிவேன். ஆயினும் மேற்கண்ட சோதனைகளுக்கு அரைமணி நேரம் போதும். பூட்டிய அறையோ மூன்று வாரப் பாடத்தை விழுங்கிவிட்டதே!

வாசிக்கத் தடுமாறும் மாணவனை உடனே மக்கு என்று ஒதுக்கிவிடுகிறோமா? எழுத்து தெரியவில்லையா, கண்பார்வை குறைவா, காலையில் பசியாறவில்லையா என்று ஒவ்வொன்றாக ஆராய்கிறோம். ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதல் பாடமே அதுதானே! அந்தப் பொறுமையைக் கணினி அறைக்குள் நுழையும்போது மட்டும் ஏன் வாசலில் விட்டுச் செல்கிறோம்?

அடுத்த முறை எவரேனும் அட்டை போய்விட்டது என்றால், "எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி பள்ளியின் பணத்தையும் மாணவரின் நேரத்தையும் காக்கும்.

சிந்திப்போம், சோதிப்போம், பிறகு மாற்றுவோம்!